கயிறு அறுந்தும் பாயாத காளை

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, சித்தப்பா மகன் திருவாரூர்ப் பக்கமிருந்து போன் பண்ணினான். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவன். அன்றைக்கு மணி பத்தரை.

"அண்ணே, சின்னவனுக்கு முழங்கால்ல வந்தது சுளுக்கு இல்லையாம். எலும்புல கேன்சராம்."

பையனுக்குப் பதினைந்து வயது. ஒரே வருஷத்தில் அப்பன் தோளைத் தாண்டி வளர்ந்தவன். கபடியில் விழுந்து பட்ட அடி என்று நினைத்து இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். கட்டுப் போடுகிறவரிடம் போய்ப் பட்டை வைத்தும் கட்டியிருக்கிறார்கள். ராத்திரி வலியில் பையன் தூங்காமல் போன பிறகுதான் எக்ஸ்ரே. அதை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். தொடை எலும்பின் கீழ்முனையில் எலும்பின் வெள்ளை ஓரம் ஓரிடத்தில் கரைந்திருந்தது. அங்கிருந்து மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் சதைக்குள் சீறிக்கொண்டு நின்றன, சிறுபிள்ளை வரைகிற சூரியன் மாதிரி. டாக்டர்களும் அதைச் சூரியக்கதிர் என்றேதான் சொல்கிறார்கள். கொஞ்சம் மேலே, எலும்பின் மேலுறை பிய்ந்து தூக்கிக்கொண்டு ஒரு சின்ன முக்கோணம். காட்மேன் முக்கோணம் என்று அதற்குப் பெயர். எலும்புப் புற்றுக்கென்றே நூறு வருஷத்துக்கு முன் ஒரு பதிவேடு தொடங்கிய பாஸ்டன் டாக்டரின் பெயர் அது. நோயின் பெயர் ஆஸ்டியோசார்கோமா. எலும்பு மடமடவென்று வளர்கிற வயதில், மிக வேகமாக வளர்கிற இடத்தில், அதாவது முழங்காலைச் சுற்றித்தான் பெரும்பாலும் வரும்.

அவன் கேட்க வந்தது வேறு.

"இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் காட்டினோம். அங்க ஒருத்தரு இம்யூனோதெரபின்னு சொல்றாரு. ஊசி ஒவ்வொண்ணும் லட்சக்கணக்குல ஆகுமாம். ரெண்டு மா நெலம் இருக்குல்ல, அதக் குடுத்துடலாமாண்ணே?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் டைம் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று நாளில் தொடங்கியது.

பெஸ்ஸியின் கை

இம்யூனோதெரபி நேற்று வந்த வித்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் தொடக்கமே எலும்பை ஒட்டி வந்த ஒரு கட்டியில்தான் இருக்கிறது.

1890-ல் பெஸ்ஸி டாஷியல் என்ற 17 வயதுப் பெண், ரயில் பயணத்தில் இருக்கைகளுக்கு நடுவே வலது கையை நசுக்கிக்கொண்டாள். புறங்கை வீங்கியது, வலி அடங்கவில்லை. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற டாக்டரிடம் வந்தாள். அவருக்கு வயது 28, தொழிலுக்குப் புதுசு. முதலில் எலும்புறையில் அழற்சி என்று நினைத்தார். கீறிச் சோதித்தபோது சார்கோமா. முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார். எடுத்தும் பயனில்லை. சில வாரங்களில் உடம்பெங்கும் கட்டிகள் கிளம்பின. 1891 ஜனவரியில் பெஸ்ஸி இறந்தாள்.

கோலியால் அந்தச் சாவைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஃப்ரெட் ஸ்டைன் என்ற ஜெர்மன் குடியேறியின் கதை கண்ணில் பட்டது. கழுத்தில் சார்கோமா, வெட்ட வெட்ட வளர்ந்தது. கைவிட்டுவிட்ட நிலையில் அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்தது. கடும் காய்ச்சல். காய்ச்சல் ஏற ஏறக் கட்டி கரைந்தது என்று எழுதியிருந்தார்கள். ஏழு வருஷம் கழித்து, மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளில் படிப்படியாக ஏறி இறங்கி அந்த ஆளைக் கோலியே தேடிப் பிடித்தார். ஸ்டைன் உயிரோடு இருந்தார். கழுத்தில் தழும்பு மட்டும்.

அதே 1891 மே மாதம், கழுத்தில் கட்டியோடு வந்த ஜோலா என்ற இத்தாலியருக்கு உயிருள்ள பாக்டீரியாவையே ஊசியில் ஏற்றினார் கோலி. இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஆள் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை போய் மீண்டார், கட்டி வற்றியது, இன்னும் எட்டு வருஷம் வாழ்ந்தார். பிறகு கோலி கொன்ற பாக்டீரியாக்களின் கலவைக்கு மாறினார். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. யார் பிழைப்பார், ஏன் பிழைப்பார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கதிர்வீச்சு வந்தது, கோலியின் ஊசி ஓரத்துக்குப் போனது. அவருடைய ஆஸ்பத்திரியிலேயே அவரைக் கடுமையாக எதிர்த்தவர் ஜேம்ஸ் யூவிங். அந்த யூவிங்கின் பெயரைத்தான் இன்று இன்னொரு எலும்புப் புற்று சுமக்கிறது.

மூக்கணாங்கயிறு

கோலியின் காலத்தில் யாருக்கும் தெரியாதிருந்த ஒன்று, நம் உடம்பின் காளைகளுக்கு மூக்கணாங்கயிறு உண்டு என்பது.

காளை என்று நான் சொல்வது டி செல்லை. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாகத் திரிந்த செல்லையும் முகர்ந்து பார்த்து முட்டிக் கொல்வது அதன் வேலை. முட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரியவேண்டும். இல்லையென்றால் சொந்த வீட்டையே இடித்துவிடும். அதனால்தான் டி செல்லின் மேல்தோலில் பிடித்து நிறுத்துகிற மூலக்கூறுகள் சில இருக்கின்றன. சோதனைச்சாவடி மூலக்கூறுகள் என்று புத்தகங்களில் போடுகிறார்கள். கயிறு என்றால் எங்கள் ஊரில் சீக்கிரம் புரியும்.

ஒரு கயிற்றின் பெயர் சி.டி.எல்.ஏ.-4. இன்னொன்று பி.டி.-1. முதல் கயிறு பிறவியிலேயே இல்லாத எலிக்குட்டிகள் மூன்று நான்கு வாரத்தில் செத்துப்போகின்றன. அவற்றின் டி செல்களே இதயத்தையும் கணையத்தையும் தின்றுவிடுகின்றன. பி.டி.-1 கயிற்றை 1992-ல் கியோட்டோவில் டசுக்கு ஹோஞ்ஜோவின் ஆய்வகம் கண்டெடுத்தது. செல் தற்கொலை செய்துகொள்ளும் சமிக்ஞை என்று நினைத்து அப்படியொரு பெயரை வைத்தார்கள். நினைத்தது தப்பு, பெயர் ஒட்டிக்கொண்டது.

புற்றுச் செல் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது. பி.டி.-எல்1 என்ற கையை நீட்டி அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. முட்ட வந்த காளை எதிரேயே நின்றுவிடுகிறது. அந்தப் பிடியை விடுவித்தால் என்ன? டெக்சாஸ்காரரான ஜேம்ஸ் ஆலிசன் 1996-ல் எலிகளில் சி.டி.எல்.ஏ.-4 கயிற்றைத் தடுத்துக் காட்டினார், கட்டிகள் கரைந்தன. அம்மாவைச் சிறுவயதில் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். 2011-ல் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் மருந்தாக வந்தன. 2015-ல் மூளைவரை மெலனோமா பரவியிருந்த ஜிம்மி கார்ட்டருக்கு, கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். நூறு வயதைத் தொட்டுவிட்டு 2024 டிசம்பரில் போனார். ஆலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல். அதற்கு முன்பே கோலியின் பெயரால் வழங்கும் விருதை இருவரும் வாங்கியிருந்தார்கள்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தித்தான் விளம்பரம் செய்கிறார்கள். சித்தப்பா மகனிடம் பேசியவரும் கார்ட்டர் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இருபத்திரண்டில் ஒருவர்

அமெரிக்காவில் சார்கோமா நோயாளிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்த சார்க்028 என்ற சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. ஆஸ்டியோசார்கோமா நோயாளிகள் 22 பேர். ஒருவருக்குத்தான் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. யூவிங் சார்கோமா 13 பேர், ஒருவருக்கும் இல்லை. குருத்தெலும்புப் புற்று 5 பேரில் ஒருவர். அதே சோதனையில் தசைப் பகுதியில் வரும் ஒருவகை சார்கோமாவில் 10 பேரில் 4 பேருக்குப் பலன் தெரிந்தது. மருந்தில் கோளாறு இல்லை. எலும்பில்தான் ஏதோ இருக்கிறது.

'சார்கோமாவுக்கு இம்யூனோதெரபி அங்கீகாரம் பெற்றுவிட்டதே' என்று யாராவது சொன்னால் அதுவும் பொய் இல்லை. 2022 டிசம்பரில் அட்டிசோலிசுமாபுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மிக அபூர்வமான ஒரு மென்திசு சார்கோமாவுக்கு. சார்கோமா என்ற ஒரே குடும்பப்பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. பங்காளிக்குக் கிடைத்த பட்டாவை வைத்து நம் நிலத்துக்குக் கடன் வாங்க முடியாது.

கயிற்றை அறுத்தும் காளை ஏன் பாயவில்லை?

டி செல் புற்றை எப்படி அடையாளம் காண்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். மெலனோமா வெயிலில் வரும் புற்று. புறஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழைகளை விட்டுப்போகிறது. பிழையான எழுத்திலிருந்து பிழையான புரதம். அதை முகர்ந்துதான் காளை சீறுகிறது. ஆஸ்டியோசார்கோமாவில் நடப்பது வேறு. அங்கே எழுத்துப் பிழை அவ்வளவு இல்லை, புத்தகமே கிழிந்து கிடக்கிறது. ஒரு குரோமோசோம் ஒரே அடியில் நூறு துண்டாகச் சிதறி, கண்டபடி ஒட்டிக்கொள்ளும் விபத்தை 2011-ல் பிரிட்டனின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் விவரித்தார்கள். எல்லாப் புற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் இரண்டு மூன்றில்தான் அது தெரிந்தது. எலும்புப் புற்றுகளில் நான்கில் ஒன்றில். பக்கங்கள் இடம் மாறிப் பைண்டிங் ஆன புத்தகம் படிக்க உதவாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து சரியாகவே இருக்கும். பிழை தேடுகிற கண்ணுக்கு அங்கே பிடிபடுவது குறைவு.

அடுத்தது, காளை வாடிவாசலுக்கே வருவதில்லை. நுரையீரலுக்குப் பரவிய ஆஸ்டியோசார்கோமாக் கட்டிகளைச் சீவிப் பார்த்தவர்கள், டி செல்கள் கட்டியின் விளிம்பில், நல்ல நுரையீரலும் கட்டியும் சந்திக்கும் வரப்பில் கூட்டமாக நிற்பதையும், உள்ளே போகாததையும் கண்டிருக்கிறார்கள். அந்த வரப்பில்தான் கயிறுகளும் அதிகம். உள்ளே குடியிருப்பவை பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள். சாதாரணக் காலத்தில் குப்பை அள்ளுகிறவை. கட்டிக்குள் நாள்பட இருந்து கட்டிக்கே ஊழியம் செய்யப் பழகிவிடுகின்றன. அவற்றிடமிருந்து தப்ப, புற்றுச் செல் சி.டி.47 என்ற பலகையை வேறு மாட்டிக்கொள்கிறது: 'என்னைத் தின்னாதே.'

கத்தரிப்பூ நிறப் புள்ளிகள்

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது இதுதான்.

எலும்புப் புற்றுக்காரர்கள் முழங்காலால் சாவதில்லை, நுரையீரலால் சாகிறார்கள். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977-ல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் நாட்டின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் தேதி தண்டர் பே ஊருக்கு வெளியே இருமலும் நெஞ்சுவலியும் நிறுத்திவிட்டன. புற்று நுரையீரலில் இருந்தது. அடுத்த ஜூனில் இறந்தார். அவர் பெயரால் சென்னையில் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய நோயின் பெயர் தெரியுமோ!

காலை எடுக்கும் முன்பே சில செல்கள் கிளம்பிப் போயிருக்கும். எப்படிக் கிளம்புகின்றன? அதை ஆய்வகத்தில் அளக்க ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நகமளவு ஒரு கிண்ணம். அடியில் சல்லடை; ஒவ்வொரு துளையும் 8 மைக்ரான், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சல்லடைமேல் எலிக் கட்டியிலிருந்து எடுத்த ஒரு திரவத்தைப் பூசுவார்கள். குளிரில் தண்ணீராக ஓடும், உடல் சூட்டில் கடற்பாசி ஜெல்லி மாதிரி இறுகிவிடும். மேலே புற்றுச் செல்களைப் பட்டினி போட்டு விடுவார்கள். கீழே கன்றின் சீரம் என்ற விருந்து. ஜெல்லியைக் கரைத்து, தன் உடம்பை ஒடுக்கித் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் ஒட்டிக்கொள்கிற செல்தான் ஊடுருவத் தெரிந்த செல். ஒரு நாள் கழித்து மேலே மிச்சமிருப்பவற்றைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடிப்பக்கத்துக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பி7-எச்3 என்று ஒரு மூலக்கூறு. 2001-ல் கண்டுபிடித்தார்கள். பி.டி.-எல்1-க்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதையும் கயிறு இழுக்கிற கையாகத்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்டியோசார்கோமாச் செல்களில் அது நிறைய இருக்கிறது, நல்ல எலும்பில் மிகக் குறைவு. அதிகமாக இருந்த நோயாளிகளின் நிலைமை மோசமாகப் போனதாக 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. செல்களில் அதைக் குறைத்துவிட்டுக் கிண்ணத்தில் விட்டபோது கத்தரிப்பூப் புள்ளிகள் குறைந்தன.

அந்தக் கிண்ணத்தில் டி செல்லே கிடையாது. கயிற்றில் கட்ட ஒரு காளைகூட இல்லாத தொழுவம். அப்படியிருந்தும் கயிறு இழுக்கிற கையை எடுத்ததும் புற்றின் கால் தளர்கிறது என்றால், அந்த மூலக்கூறுக்கு இரண்டாவது உத்தியோகம் ஒன்று இருக்கிறது. காவலாளியை மயக்குவதோடு, திருடனின் கையில் கடப்பாரையும் கொடுக்கிறது. சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளை அவிழ்த்துவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். பி7-எச்3 டி செல்லில் எந்த வளையத்தில் மாட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கிண்ணத்தில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடக்கும் என்றும் இல்லை. ஆனாலும் எலும்புப் புற்றில் இந்த மூலக்கூறுகளை வெறும் கயிறாக மட்டும் பார்த்தது போதாது என்று எனக்குப் படுகிறது.

அதனால்தான் இப்போது வேறொரு வழி பிடித்திருக்கிறார்கள். கயிற்றை அறுப்பதற்குப் பதில் அதையே முகவரியாக வைத்துக்கொள்வது. பி7-எச்3-ஐத் தேடிப் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியின் முதுகில் கீமோ மருந்தை மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். தபால்காரர் வீட்டுக்குள் போன பிறகு மூட்டை அவிழும். காளை பாயுமா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. இப்படியொரு மருந்துக்கு, எல்லா வழியும் தீர்ந்து திரும்பி வந்த ஆஸ்டியோசார்கோமாவில் சோதிப்பதை விரைவுபடுத்தும் தனித் தகுதியை 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. கொடுத்தது. விற்பனைக்கு அனுமதி அல்ல அது. வரிசையில் முன்னால் நிற்க ஒரு டோக்கன்.

கோலியும் திரும்பி வருகிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டியோசார்கோமாவுக்கு உலோக மூட்டு பொருத்திக்கொண்டவர்களின் கணக்கை 2007-ல் வெளியிட்டார்கள். மூட்டைச் சுற்றித் தொற்று வந்தவர்களில் பத்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 84.5 சதவீதம். தொற்று வராதவர்களில் 62.3. சீழ் பிடித்து, திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்துகொண்டு, நொந்துபோனவர்கள்தான் அதிகம் பிழைத்திருக்கிறார்கள். இதே நோய் வந்து கால் காக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட பெரிய ஜாதி நாய்களிலும் இதுவே தெரிந்திருந்தது. தற்செயலா, காரணமா என்ற வாதம் ஓயவில்லை. ஃப்ரெட் ஸ்டைனின் கழுத்துத் தழும்பு எனக்கு ஞாபகம் வந்தது. பாக்டீரியாவின் தோலிலிருந்து ஒரு துணுக்கைப் போலச் செய்த மிஃபாமுர்டைட் என்ற மருந்தும் இருக்கிறது. தூங்குகிற விழுங்கு செல்களை எழுப்புவது அதன் வேலை. ஐரோப்பா 2009-ல் அனுமதித்தது. அமெரிக்கா அதற்கு முன்பே போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஒரே சோதனைத் தாளை இரண்டு வாத்தியார்கள் திருத்திய கதை.

மூன்றாம் நாள் ராத்திரி நானே கூப்பிட்டேன். நிலத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. "1986-ல ஒரு சோதனை வந்துச்சுப்பா. ஆபரேஷன் மட்டும் பண்ணினவங்கள்ல ரெண்டு வருஷம் நோய் திரும்பாம இருந்தது நூத்துக்குப் பதினேழு பேரு. கீமோவும் சேர்த்துக் குடுத்தப்ப அறுபத்தாறு. நெஞ்சு ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னா நம்ம பையனுக்கு மொதல்ல அதான். அந்த ஊசி சொன்னவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. எலும்புல வந்தவங்க எத்தனை பேருக்கு இதப் போட்டாங்க, எத்தனை பேருக்குக் கட்டி சுருங்குச்சுன்னு."

கேட்டிருக்கிறான். "எங்கண்ணன் இருபத்திரண்டுல ஒண்ணுங்கிறாரே சார்" என்றும் சொல்லியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துவிட்டு, முதலில் கீமோவை முடித்துவிட்டு வாருங்கள் என்றாராம்.

மூன்று மருந்து கீமோ பையனைப் படுத்தி எடுத்துவிட்டது. முடி போனது; வாயெல்லாம் புண்; மார்கழி முழுக்கத் தயிர்சாதத்தைக் கரைத்துக் குடித்தான். தையில் ஆபரேஷன். காலை எடுக்கவில்லை, புற்றுள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த எலும்பைச் சீவி, கீமோவில் கட்டி எவ்வளவு செத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள். தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் நல்ல சகுனம்.

மாசியில் ஒரு காலை கூப்பிட்டான். "தொண்ணூத்தி நாலாம்ணே."

இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன் இருக்கிறது. அதெல்லாம் அவனுக்கும் தெரியும். நிலத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"உளுந்துதான். பூ வச்சிருக்கு."